ஜப்பான் இரண்டு தரம் அழிந்த சனிக்கிழமை

மல்வேர்ன்
ஆடி 1996

விட்பியில் புது வீட்டில் எழுந்தருளியிருக்கும் மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு, தம்பி மகள் நிரூபா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கட்டடத்து லிஃப்ட்டுக்குத்தான் சுகமில்லை. உங்கள் சுகமும் பெரியம்மாவின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். தொலைபேசியில் உங்களோடு கதைக்க வெளிக்கிட்டால் எனக்குக் குரல் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

ஜப்பானில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்க என்னைக் கூப்பிட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அது நிலம் ஆடுகிற நாடு, கடல் ஏறுகிற நாடு, குமர்ப்பிள்ளையை அனுப்ப ஏலாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் சொல்லைத் தாண்டி அப்பா ஒரு கதிரைகூட வாங்கியதில்லை. ஆனாலும் அந்த நாட்டை ஒருக்கால் தானே பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்து, போன சனிக்கிழமை பிளாசாவிலுள்ள வீடியோக் கடைக்குப் போய், "ஜப்பானைப் பற்றி ஏதாவது தாரும்" என்று கேட்டு, கடைக்காரர் சிரித்துக்கொண்டு கொடுத்த இரண்டு கசெற்றுகளோடு வந்தார். கீழ்மாடி வேரோனிக்கா அன்ரியும் ஒரு தட்டு ரோல்சோடு வந்துவிட்டா.

முதல் படத்தில் கடலுக்குள்ளிருந்து ஒரு மிருகம் எழும்புகிறது. நம் கட்டடத்தைவிட உயரம். அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் விழித்துக்கொண்டதாம். நான் பயந்து தலையணையைக் கட்டிப்பிடித்தேன். இவர்கள் மூவரும் பயப்படவில்லை பெரியப்பா, குறை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடலாலை வருகுது, நேவி எங்கை போட்டுது என்று அப்பா கேட்டார். சனம் பாலத்தில் ஏறியதும் பாலத்திலை ஏறாதையுங்கோ எண்டு ரீவீக்குக் கத்தினார். நிண்டு அண்ணாந்து பாத்தவைக்கு வேரோனிக்கா அன்ரியிட்டை நல்ல ஏச்சு. ஒருத்தரும் பிள்ளையளின்ரை பிறப்புச் சான்றிதழ் எடுக்கேல்லை, ஒரு பால்மா ரின்கூட இல்லை, உவை முதல்தரம் ஓடுற ஆக்கள் எண்டு அம்மா முடிவு கட்டினா. கடைசியில மிருகம் தோத்துக் கடலுக்குப் போக, இது திரும்பவும் வரும், இப்பவே பங்கர் வெட்டச்சொல்லு எண்டு அப்பா எனக்குக் கட்டளை போட்டார்.

இரண்டாவது காட்டூன். அதிலும் எல்லாம் முடிஞ்சுபோச்சு, ஆனால் முடிஞ்சதைக் காட்டவேயில்லை. கடல் ஏறி ஊர் இரண்டாம் மாடி வரைக்கும் தண்ணிக்குள்ளை. பஸ் ஓடின ரோட்டிலை வள்ளம் ஓடுது, பழைய பஸ் தரிப்பிலையே நிக்குது. ஒரு மனிசி ஜன்னலாலை கயிறுகட்டிக் கத்தரிக்காய் இறக்குறா. ஒரு பெட்டை கூரையிலை உடுப்புக் காயப்போடுறாள். ஒருத்தரும் அழேல்லை. நான் இதுதான் நல்ல படம், இதைப் பாத்தால் அப்பா இளகுவார் எண்டு நினைச்சன். பாத்தால் அவர் ரோல்ஸைக் கையிலை பிடிச்சபடி அசையாமல் இருக்கிறார்.

"முதல் படம் கதை," எண்டார். "உது நடந்தது."

பிறகுதான் விளங்கினது. ஊரிலை சண்டை நடக்கேக்கை நல்லூர்க் கோயிலுக்குள்ளை ஊர்ச்சனம் முழுக்க நெருங்கிக் கிடந்த நாள்களிலை அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் பின்னி ரிபன் கட்டினவ, போறதுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமலே. நீங்களும் அங்கைதான் இருந்தீங்கள் பெரியப்பா. வெளியிலை ஷெல் விழ, தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு தொண்டரோடை சண்டை பிடிச்சீங்கள். எனக்கு அப்ப உங்களைப் பாக்க நல்ல தைரியமாய் இருந்தது. சீனிக்குச் சண்டை பிடிக்கிற பெரியப்பா இருக்கேக்கை எங்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு நம்பினன். அதாலைதான் கேக்கிறன், நிலம் ஆடுற ஊரிலையும் பள்ளிக்கூடம் நடக்குது, கத்தரிக்காய் விக்குது. அப்பிடியான சனத்தோடை ஒரு வருசம் இருக்க எங்கடை குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன பயம்?

இந்த மாத முடிவுக்குள் அவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். நீங்கள் ஓம் என்றால் போவேன். இல்லையென்றால் வாய் திறக்க மாட்டேன். அப்பாவும் உங்கள் சொற்படிதான் நடப்பார், அதில் உங்களுக்கு ஒரு துளி சந்தேகமும் வேண்டாம்.

பெரியம்மாவின் முழங்கால் விரைவில் படியேறவும், உங்கள் புல்தரையில் களை முளைக்காதிருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

நிரூபா

பி.கு.: அண்ணை, இது நவரட்ணம் எழுதுறன். பிள்ளை தபாலிலை போடச்சொல்லித் தந்த கடிதம் ஒரு மாதமாய் என்ரை கார் லாச்சிக்குள்ளை கிடந்தது. நீங்கள் மாட்டன் எண்டால் நான் தலையாட்டிப்போடுவன் எண்டு எனக்கே தெரியும். அதாலை, நீங்கள் ஓம் எண்டு சொல்லிட்டியள் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன். நேற்று பிளேனிலை ஏத்திவிட்டாச்சு. போகமுதல் உங்களிட்டை வர நிண்டவளை நான்தான் சாட்டுச் சொல்லி மறிச்சன். போய் இறங்கின உடனை உங்களுக்கு நன்றி சொல்லக் கோல் எடுப்பாள். என்னை எவ்வளவும் ஏசுங்கோ, ஆனால் அவளிட்டை, ஓம் நான்தான் விட்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ.