கரையாம்புத்தூர்ப் பாறை

"பாகூருக்கும் கரையாம்புத்தூருக்கும் நடுவுல ஏதுய்யா பாறை? செஞ்சிக்கா போயிட்டு வரான் உன் டிரைவரு?"

"பாறை இல்லாம பைப்பு எப்படி பாய் வளையும்? உன் வெல்டிங்கு சரியில்ல, அதைச் சொல்லு!"

"என் வெல்டிங்கா? தோ பாரு, ஒட்டு அப்படியே நிக்குது. பைப்புதான் முருங்கைக்காயாட்டம் வளைஞ்சிருக்கு!"

வில்லியனூரில் பக்கீர் முகமதுவின் பட்டறையிலிருந்து இந்தச் சத்தம் கிளம்பியதும், எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசும் கையுமாக வந்து நின்றுவிட்டார்கள். பக்கீர் பாயோடு மல்லுக்கு நின்ற தொந்திக்காரர் தெய்வநாயகம். பாகூர் கடைத்தெருவில் உரமும் பிண்ணாக்கும் விற்பவர். ராணுவ ஏலத்தில் ஒரு பழைய பிக்கப்பு வண்டியை எடுத்திருந்தார். எடுத்த அன்றிலிருந்து, தானே பட்டாளத்திலிருந்து திரும்பியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார். ஓட்டத்தான் தெரியாது.

ஓட்டுவதற்குக் கண்ணையன் இருந்தான். வாரத்தில் ஐந்து நாள் கடைச் சரக்கு ஏற்றுவான். வண்டிக்கு ஒரு கீறல் விழாது. வெள்ளிக்கிழமையானால் முதலாளியம்மா விசாலாட்சியை ஏற்றிக்கொண்டு கரையாம்புத்தூருக்குப் போவான். அது அவள் பிறந்த ஊர். அங்கே அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. குத்தகைக்காரன் அளக்கிற நெல்லை அவள் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வண்டி திரும்பும்போது, கதவுக்குக் கீழே தகடு அப்பளமாக நொறுங்கியிருக்கும்.

"இன்னாடா இது?"

"பாறை, மொதலாளி."

"ஆமாங்க, பெரிய பாறை" என்பாள் விசாலாட்சி.

வேறு சமயமாக இருந்தால் தெய்வநாயகம் தட்டி நிமிர்த்தி விட்டிருப்பார். ஆனால் திருவாண்டார்கோயில் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடை இராமச்சந்திரன் புது டெம்போ ஒன்றை வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்துத் தயாராக நின்றான். நொறுங்கிய வண்டியோடு போய் நின்றால் காண்டிராக்டும் போச்சு, கடைத்தெருவில் மானமும் போச்சு.

வழி சொன்னவர் சொல்தா மணவாளன். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு யோசனை சொல்கிறவர்.

"அல்ஜேரியாவுல மலை மேல போற வண்டிக்கெல்லாம் ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ இரும்புப் பைப்பு அடிச்சிருப்பான். பாறை மோதினா பைப்பு வாங்கிக்கும். வண்டி ராணியாட்டம் போவும்."

அப்படி அடித்த முதல் பைப்புதான் இப்போது முருங்கைக்காயாகிப் பட்டறைக்கு வந்திருந்தது.

பக்கீர் பாய் குனிந்து பைப்பைத் தடவினார். விரலைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை.

"யோவ், பாறைக்கு எவன்யா வெள்ளையடிச்சான்?"

எல்லோரும் கண்ணையனைப் பார்த்தார்கள். கண்ணையன் தலையைச் சொறிந்தான்.

"சுண்ணாம்புப் பாறை, பாய்."

டீக் கிளாசுகள் குலுங்கின. தெய்வநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "கெணத்துக்குப் போர் போடுற பைப்பை அடி பாய். எந்தப் பாறை வருதுன்னு பாத்துடறேன்!"

இதில் பாகூரே வாய் பிளந்த விஷயம் ஒன்று உண்டு. கடுகு வாங்கினால்கூட அரைப்படியை மறுபடி அளக்கச் சொல்கிற விசாலாட்சி, இந்தச் செலவுக்கு மட்டும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "காசைப் பாக்காதீங்க. தடிமனாவே போடச் சொல்லுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டி தன் பேச்சை ஆமோதித்து அறியாத மனிதர் அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

போர் பைப்பு வந்தது. தடிமன் சரி, ஆனால் வண்டிக்கு வெளியே முழங்கை நீளம் துருத்திக்கொண்டு நின்றது. கடைத்தெருவுக்குள் நுழைந்த முதல் நாளே, நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளை மாட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய்விட்டது. சைக்கிளுக்குச் சொந்தக்காரன் பின்னாலேயே ஓடினான். "திருடன்! திருடன்!" என்று அவன் கத்தியதைக் கேட்டு இராமச்சந்திரன் கடைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பைப்பு வளையவில்லை. ஆனால் அதன்மேல் வட்டமாக ஒரு வரட்டி ஒட்டியிருந்தது. அச்சுப் பதிந்த ஐந்து விரலோடு, முழுசாக.

"டேய் கண்ணையா, பாறை மேல வரட்டி தட்டுவாங்களாடா?"

"அந்த ஊர்ல இடம் கெடச்சா எல்லாத்துமேலயும் தட்டறாங்க, மொதலாளி."

"எங்க ஊரைப் பத்தி எளக்காரமா பேசாதீங்க" என்று விசாலாட்சி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேச்சு அதோடு நின்றது.

துருத்தல் போகவேண்டும், பலமும் வேண்டும். பக்கீர் பாய் எங்கிருந்தோ பழைய தண்டவாளத் துண்டு இரண்டைக் கொண்டுவந்து சேஸிஸோடு ஒட்டி வெல்டிங் வைத்தார். வண்டி கனம் தாங்காமல் சினை எருமை மாதிரி தரையோடு இறங்கிவிட்டது. அதைத் தூக்க ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினார்கள். இப்போது அளவுக்கு மேல் எழும்பிக்கொண்டது. அது போதாதென்று இடப்பக்கக் கதவின் அடிவிளிம்பு தண்டவாளத்தில் இடித்து ஒரு சாண்தான் திறந்தது. ஒரு சாணில் நுழைகிற உடம்பா தெய்வநாயகத்துடையது? பின்பக்கமாகப் பிண்ணாக்கு மூட்டைகளோடு அவரையும் ஏற்றவேண்டி வந்தது. கண்ணையன் மேலிருந்து இழுக்க, கடை ஆள் கீழிருந்து தள்ள, தெருப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"பட்டாளத்து வண்டியில பீரங்கி ஏத்தறாங்கடி" என்றாள் ஒருத்தி.

விசாலாட்சி மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, திருப்தியாகத் தலையாட்டினாள். "முன்னாடியும் இதேமாதிரி ஒண்ணு போட்டுட்டா நல்லதுங்க."

"முன்னாடி எதுக்கு? பாறை எதுத்தா வருது?"

"வந்தா?"

காண்டிராக்டு அதிகாரி வண்டியைப் பார்ப்பதாகச் சொன்ன நாள் சனிக்கிழமை. முந்தின சாயந்திரம் கரையாம்புத்தூரிலிருந்து வண்டி வந்தது. தண்டவாளம் அசையவில்லை. ஆனால் அதில் ஒரு முழக் கயிறும், கயிற்று நுனியில் ஒரு முளைக்குச்சியும் தொங்கிக்கொண்டிருந்தன. கன்றுக்குட்டிதான் இல்லை.

தெய்வநாயகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ரோட்டைப் பாத்து ஓட்டத் தெரியாத பயலே! பாறை, வரட்டி, இப்ப மாட்டுக் கயிறு! நாளையிலேர்ந்து நீ வராதே. போ!"

கண்ணையன் விசாலாட்சியைப் பார்த்தான். விசாலாட்சி கூரையைப் பார்த்தாள். அவன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கோபம் இறங்கிய பிறகுதான் தெய்வநாயகத்துக்கு விஷயம் உறைத்தது. விடிந்தால் வண்டியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டவேண்டும். வண்டி இருக்கிறது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை.

"ஏங்க, கவலைப்படாதீங்க. நீங்க காலையில பஸ் புடிச்சி முன்னாடி போயி அந்தாளுகிட்ட பேசிக்கினு இருங்க. வண்டி வந்து சேரும்."

"யாருடி ஓட்டியாருவாங்க?"

"ஆளு இருக்கு. போங்கன்னா போங்க."

போனார். அவருக்கு வேறு வழி?

நடுவில் ஒரு வார்த்தை. பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம். காண்டிராக்டு தெய்வநாயகத்துக்கே கிடைத்தது. இராமச்சந்திரன் டெம்போவை விற்றுவிட்டுக் கடலூரில் மச்சான் கடைக்குப் போய்விட்டான். கண்ணையனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் டிரைவர் வேலை இல்லை, கடையில் மூட்டை கணக்குப் பார்க்கிற வேலை. வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கரையாம்புத்தூரிலேயே அமுதம் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியும் போய்விட்டான். சொல்தா மணவாளன் இன்னும் யோசனை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். தொழிற்சாலை அறையில் அதிகாரிக்கு முன்னால் ஒரு நாற்காலியில் தெய்வநாயகம், இன்னொன்றில் சென்ட் பூசிக்கொண்டு இராமச்சந்திரன்.

"நம்ம வண்டி இரும்பு சார்" என்று தெய்வநாயகம் அளந்துகொண்டிருந்தார். "எப்பேர்ப்பட்ட பாறை மோதினாலும்..."

வெளியே 'தடால்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், பாகூர் வண்டி வந்துடுச்சு சார்! வண்டிக்கு ஒரு கீறல் இல்ல, நம்ம கேட்டுத் தூணுதான் விழுந்துடுச்சு. ஓட்டியாந்த அம்மா, 'உள்ள எங்க வூட்டுக்காரரு இருப்பாரு, பாறைன்னு சொல்லு, அவருக்குப் பழக்கம்தான்'னு சொல்றாங்க சார்!"