மைல் அண்ணையும் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து மைலும்

அமெரிக்காவில் கால் வைக்காமலே அந்த நாட்டு ஆகாயத்தை மனப்பாடம் செய்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் லண்டன் ஹவுன்ஸ்லோவில், ஒரு கோழிக்கடைக்கு மேலே, என்னோடு ஒரே அறையில் இருந்தார்.

விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடத்தில் இருவருக்கும் வேலை. நான் எட்டாம் வகுப்போடு ஊர் ஊராகத் திரிந்தவன். தட்டை மூடுவதோடு சரி. அவர் பெட்டியில் ஒட்டிய ஊர்ப் பெயரைப் பார்த்து, "பாவம், பதினொரு மணித்தியாலம் குந்தியிருக்கப் போகுதுகள்" என்று இன்னொரு பன்னைத் திணிப்பார். நாங்கள் அவரை மைல் அண்ணை என்றோம்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் இரண்டு பெண்கள். அவருடைய அக்கா லாஸ் ஏஞ்சல்ஸில், தங்கச்சி சிக்காகோவில். தன் மகளின் கலியாணத்துக்கு அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லாமல் தங்கச்சி வாட்ஸப்பில் அட்டை அனுப்பிவிட்டாள். அதிலிருந்து ஆறு வருடம் இருவரும் பேசவில்லை. இவர் போய்ச் சேர்த்து வைக்கலாமென்றால், விசா இரண்டு தரம் இல்லையென்று வந்தது. அதனால் தினமும் தங்கச்சியோடு ஃபோனில் தூரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து மைல்தான் பிள்ளை. பிளேனில நாலரை மணித்தியாலம். நான் ஆர்ச்வே கோயிலுக்குப் போய் வாறதுக்கே அவ்வளவு செல்லும்."

"அக்கா கதவு திறக்க எத்தினை மணித்தியாலம் செல்லும், அண்ணை?"

அவர் மறுபடி மைலிலிருந்து தொடங்குவார்.

பிறகு அக்காவுக்கு இருதய ஒப்பரேஷன் என்று செய்தி வந்தது. தங்கச்சி அழுதாள், போகிறேன் என்றாள். உடனே இன்னொரு தடை.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் பிளேன். ராகுகாலமெல்லோ! நான் ஏறமாட்டன்."

அண்ணை சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியைப் பார்த்தார். "இஞ்சை அப்ப பின்னேரம் நாலரை. ராகு எப்பவோ போயிட்டார்."

"ஏறுறது சிக்காகோவிலயெல்லோ?"

"ஏறுறது நீ. அனுப்புறது நான். அனுப்புறவன்ர நேரம்தான் கணக்கு."

"அப்பிடி ஒரு சாத்திரம் இருக்கோ?"

"ஓம். இண்டையில இருந்து இருக்கு."

வெள்ளிக்கிழமை அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. ஃபோனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, திரையில் ஊர்ந்த சின்ன விமானத்தையே பார்த்தபடி இருந்தார். மலைப்பக்கம் அது சற்றுத் திரும்பியதும் எழுந்துவிட்டார். "என்னடா, திரும்பி வாறாளோ?"

"பிளேன் அவவின்ர சொல்லுக்குத் திரும்பாது. இருங்கோ அண்ணை."

விமானம் இறங்கியது. ஒரு மணி நேரம் ஃபோன் வரவில்லை. நான் போட்ட தேநீர் ஆறிப்போனது. பிறகு ஃபோன் அடித்தது, அக்கா.

"தம்பி, இவள் குங்குமச் சிமிழும் அட்டையுமாய் வாசல்ல நிக்கிறாள். மகளின்ர கலியாணத்துக்குச் சொல்ல வந்தவளாம். அந்தப் பிள்ளைக்கு இப்ப ரண்டு பிள்ளையள்!" சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "வையடா, பிறகு கதைக்கிறன்."

ஒப்பரேஷன் முடிந்து அக்கா சுகம் என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு இரண்டு பேருமே இவருக்கு எடுக்கவில்லை.

"என்னை மறந்திட்டினம், பாத்தியோ!" என்று சமையற்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். பின்னேரங்களில் மட்டும் ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

எந்த ஊரிலும் கால் தரிக்காத நான், அந்தக் கிழமை முழுக்க வேலை முடிந்ததும் நேரே அறைக்கே வந்து இரண்டு பேருக்கும் தேநீர் போட்டேன்.