கொதிக்கும் கோளுக்கு ஓர் இசை

உறைபனியை வயலின்களில் எழுதி முடித்துவிட்டு இசையமைப்பாளர் அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்தார். போன் அடித்தது. மைத்துனன்.

மைத்துனனுக்கு வானாய்வு மையத்தில் வேலை. எங்கோ வெகுதொலைவில் ஒரு புதுக் கோளைக் கண்டுபிடித்திருந்தான்; அங்கே முழுக்க உறைபனி என்றான். இசைக்குழுவின் ஆண்டு விழாவுக்கு அதைப் பற்றியே எழுதச் சொல்லி இவரை ஏற்றிவிட்டவனும் அவன்தான்.

"அத்தான், கணக்குல ஒரு சின்னப் பிசகு. அங்க குளிரே இல்ல. இரும்பு உருகுற சூடு."

வயலின்களைத் தூக்கிவிட்டு ட்ரம்பெட்டுகளையும் முரசுகளையும் இறக்கினார். ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. மனைவி, தம்பியைக் குறை சொல்லாமல், காதில் பஞ்சோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வயலின்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடியும் போன். அந்தக் கோளில் ஒரு பக்கம் எப்போதும் பகலாம், மறுபக்கம் எப்போதும் இரவாம். சரியென்று, பாதிப் பேர் முழங்க மீதிப் பேர் சும்மா இருக்கும்படி மாற்றி எழுதினார். சும்மா இருந்த செல்லோக்காரி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். முழங்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் தங்களையும் இரவுப் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டார்கள்.

விழா அன்று, நிகழ்ச்சியை அறிவிக்கும் பெண் மேடையேறிய நேரத்தில் மறுபடியும் மைத்துனன். இவர் போனோடு பின்வாசலுக்கு ஓடினார்.

"அத்தான், அது கோளே இல்ல. தொலைநோக்கிக் கண்ணாடில ஒட்டியிருந்த தூசி. நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்."

விடிந்தால் தூசிக்கு இசையமைத்தவன் என்று ஊரே சிரிக்கும். உள்ளே முரசு முழங்கத் தொடங்கிவிட்டது. இனி நிறுத்தவும் வழியில்லை. திரும்பி வந்து கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பெரியவர் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வளையங்கள் சுற்றுவது அப்படியே காதில் விழுந்தது என்று நெகிழ்ந்தார். இவர் எழுதிய கோளுக்கு வளையமே கிடையாது.

அறிவிப்புப் பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். உங்க கோளோட பேரு எழுத்தும் நம்பருமா இருந்துச்சு, வாயிலயே நுழையல. சனிக்கிரகம்னு சொல்லிட்டேன்."