ஆயரின் காதில் விழாத ஆறு குரல்கள்

மொந்தேல்மோ,
பாஸ்கா முடிந்த செவ்வாய்.

மதிப்புக்குரிய மைத்துனர் அன்செல்மோ அவர்களுக்கு,

நேற்றுவரை ஆலயப் பாடகர் குழுத் தலைவனாக இருந்து, இன்று யாருமே அல்லாத தெயோதோரோ வணங்கி எழுதுவது. தங்கள் சாயப்பட்டறை பெருகவும் மூட்டுவலி குறையவும் இறைவனை வேண்டுகிறேன். இவற்றை மாற்றிச் செய்துவிடாமல் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் எனக்கு ஒரு மூலை ஒழித்து வையுங்கள். கம்பளி துழாவ வருகிறேன். நடந்ததைக் கேளுங்கள்: தங்கள் தங்கை, என் லவீனியா, குளிர்காலத்தில் கண்மூடிய பிறகு, பெரிய வெள்ளிக்காக ஆறு குரல்களுக்கு ஒரு மோட்டெட், அதாவது பல குரல்கள் பின்னிப் பாடும் வேதப்பாட்டு, எழுதினேன். 'அழுதழுது என் கண்கள் மங்கின' என்ற வேத வரி. உச்சக்குரல் தனியாகத் தொடங்கும். அது முடிப்பதற்குள் அடுத்த குரல் அதே மெட்டைப் பிடிக்கும். அப்படியே ஒவ்வொன்றாகச் சேரும். 'அழுதழுது' என்ற இடத்தில் உச்சக்குரல் இறங்க மறுத்து நிற்கும், கீழ்க்குரல் அதை உரசும், கடைசியில் மேலே நின்றது தளர்ந்து இறங்கும். அவள் மூச்சு அப்படித்தான் போனது. நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். ஒத்திகை கேட்க வந்த ஆயர் பாதியில் கையைத் தூக்கினார்.

"என்னய்யா இது, மீன் சந்தையா? ஒருத்தன் முடிக்கல, அடுத்தவன் கத்துறான். ஒரு சொல்லாவது காதுல விழுதா?"

"அதானே சாமி, நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றான் ஆர்கன் வாசிக்கும் துச்சியோ. அவன் ஒருநாளும் அடித்துக்கொண்டதில்லை; என் பதவிமேல் அவனுக்குக் கண்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லும்படி மாற்றினேன். சொற்கள் துல்லியமாக விழுந்தன. அழுகை மட்டும் எழுந்து போய்விட்டது.

பெரிய வெள்ளியன்று, உபவாசத்தை ஒரு குடம் ஒயினோடு அனுசரித்துவிட்டு வந்த உச்சக்குரல்காரன் பெல்லினோ, நான் கைகாட்டும் முன்பே தனியாகப் பாடத் தொடங்கினான். பழைய மோட்டெட் என்று நினைத்து அடுத்தவன் அவனுக்குப் பின்னால் நுழைந்தான், அவனைப் பார்த்து இன்னொருவன் நுழைந்தான். நிறுத்தக் கை ஓங்கினேன்; அந்தக் கை எனக்கே தெரியாமல் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. கோவிலே மூக்கைச் சிந்தியது. ஆயர் சிந்தவில்லை.

"என்னையே கேலி பண்றியா நீ?" என்று என்னைக் கேட்டார்.

பெல்லினோ குறுக்கே வந்தான். "சாமி, குடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். பாடுனதுக்குக் கேக்க மாட்டேன்."

நேற்று அவனுக்கு மன்னிப்பு, எனக்கு வெளியேற்றம். இனி ஒரு சுரம்கூட எழுதமாட்டேன், இது சத்தியம்.

தங்கள் துணைவியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தெயோதோரோ

பி.கு.: மூலை ஒழிக்க வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது துச்சியோ வந்தான். ஊரார் கேட்டதால் இனி ஆண்டுதோறும் அந்தப் பழைய மோட்டெட்டையே பாடலாம் என்று ஆயர் இறங்கி வந்துவிட்டாராம்; ஆனால் அதை எழுதியவன் துச்சியோ என்றுதான் இருக்குமாம். "அண்ணே, யாரு எப்ப நுழையணும்னு எனக்குப் புரிபடல. நீங்க தூணுக்குப் பின்னால நின்னு கையை மட்டும் காட்டுங்களேன்" என்றான். காறித் துப்ப வாயெடுத்தவன், சரி என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது, அன்செல்மோ? விட்டால் அந்த மடையன் உச்சக்குரலைச் சீக்கிரமே இறக்கிவிடுவான்.