மேல்ஸ்தாயி ‘ரி’க்கு ஒரு புள்ளி

வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: செய்து முடித்த வேலையைக் கையை விட்டுக் கொடுக்காத இனம். இவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிடாதீர்கள். டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

எனக்குப் பழக்கமானவர் கேளம்பாக்கம் அடுக்ககத்தில் குடியிருக்கும் பூவராகவன். பகலில் கம்பெனி வேலை. மிச்ச நேரமெல்லாம் ஸ்வரக் குறிப்புகளைக் கணினியில் அச்சுக் கோக்கும் ஆராய்ச்சி. ஒன்பது வருஷமாக. எத்தனை பாட்டு அச்சாகியிருக்கிறது என்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். ஸ்வரத்தின் தலையில் புள்ளி வைத்தால் மேல்ஸ்தாயி, காலில் வைத்தால் கீழ்ஸ்தாயி, மேலே கோடு போட்டால் வேகம் இரட்டிப்பு, ஆனால் ‘ரி’யின் தலையில்தான் ஏற்கெனவே ஒரு சுழி இருக்கிறதே, அங்கே புள்ளி எப்படி உட்காரும் என்று ஆரம்பித்து, உங்கள் காபியையும் ஆறவைத்து, தன் காபியையும் ஆறவைத்து, “சிக்கலே இப்பதான் புரியுது” என்று முடிப்பார்.

இவரிடம் வந்து மாட்டினார் விஜயகுமாரி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவர். அவர் கட்டிய பாட்டைப் பன்னிரண்டு பிள்ளைகள் விழா மேடையில் பாட வேண்டுமென்றால், அதன் ஸ்வரக் குறிப்பை அச்சில் செங்கல்பட்டு விழாக் குழுவிடம் கொடுக்க வேண்டும். கடைசி நாள் அடுத்த மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்று, மாலை ஐந்து மணி.

“ரெண்டே பக்கம் சார். இன்னும் ஒரு மாசம் கீது.”

“நாளைக்கே வாங்கிக்கோங்க டீச்சர்.”

அன்றைக்கே அரை மணியில் அடித்து முடித்துவிட்டார். கொடுத்திருக்கலாம். ஆனால் மூன்றாம் வரியில் ‘ரி’யின் புள்ளி சுழியை லேசாக இடித்தது. புள்ளியை நகர்த்த ஒரு நிரல் எழுதினார். புள்ளி நகர்ந்தது, கோடு எகிறியது. கோட்டை அமுக்கினார், கீழே சாகித்ய வார்த்தைகள் ஓர் எழுத்து தள்ளி நின்றன. இப்படியே மாசம் ஓடிவிட்டது.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் விஜயகுமாரி வந்து நின்றார். “இன்னா சார், ஆச்சா?”

“புள்ளி ஒண்ணுதான் பாக்கி.”

“அத்த நான் பேனாவுல வெச்சுக்கறேன். நீங்க காயிதத்தக் குடுங்க சார்.”

பேனாவிலா? ஒன்பது வருஷ ஆராய்ச்சிக்குப் பேனாவிலா? பூவராகவன் முகம் சுருங்கிவிட்டது. “ஒரு நிமிஷம் டீச்சர்,” என்றார்.

காகிதம் வெளியே வந்தபோது மணி ஐந்தேகால். நானும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, புள்ளி அத்தனை அழகாக உட்கார்ந்திருந்தது.

விழாவன்று பன்னிரண்டு பிள்ளைகளும் கூட்டத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடியதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். விஜயகுமாரி சண்டை போடவில்லை. “வுடுங்க சார், அடுத்த வருசத்துக்கு ஆவும்,” என்றார்.

பூவராகவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அடுத்த வருஷமா டீச்சர்? அப்ப ‘நி’யையும் சரி பண்ணிடலாம்.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடமும் முடிந்துபோன வேலை ஒன்று இருக்கும். அதற்காக ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். எழுந்து போய் அதை இருக்கிறபடியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள், பார்ப்போம்.

மனசு வரவில்லை, இல்லையா?