சோதனை ஆர்டருக்கு நன்றி

இணையத்தில் கடை திறந்தவர் என்று ஓர் இனம் இப்போது பெருகிவருகிறது. கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றாலும் பாதகமில்லை, அவரே உங்களைத் தேடி வருவார். லிஃப்டில் உங்களோடு ஏறுவார், கதவு மூடும்வரை சாதுவாக நிற்பார், மூடியதும் "நம்ம சைட்டைப் பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்றால் உங்கள் போனை உங்கள் கையிலிருந்தே வாங்கித் தானே திறந்து காட்டுவார். பார்த்தேன் என்று பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். "எந்தப் பக்கம் ரொம்பப் பிடிச்சுது?" என்று அடுத்த கேள்வி வரும். அவர் வீடு இரண்டாவது மாடி, உங்கள் வீடு ஆறாவது மாடி. உங்களோடு ஆறாவது மாடிவரை வந்து, செருப்பைக் கழற்றும்வரை நின்று விளக்கிவிட்டு, படியிறங்கிப் போவார். இவரை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், சொன்னால் அதையும் விளம்பரத்தில் சேர்த்துவிடுவார். முதலாளி என்று வைத்துக்கொள்வோம். அப்படிக் கூப்பிட்டால் அவருக்கும் உச்சி குளிரும். பகலில் அவருக்கு ஓர் ஆபீஸ் வேலை இருக்கிறது. ஆனால் உடம்புதான் அங்கே, உயிர் சைட்டில்.

தொழில் என்ன தெரியுமா? துணிப் புத்தகம். குழந்தைகள் கடித்தாலும் கிழியாத, நனைத்தாலும் கெடாத புத்தகம். ஒரு பக்கத்தில் ஒரு துணிச் சட்டை, அதற்குப் பொத்தான் போட வேண்டும். இன்னொரு பக்கத்தில் ஒரு ஷூ, கயிறு கட்ட வேண்டும். இன்னொன்றில் முதலை, வாயில் ஜிப். தைப்பவர் முதலாளியின் மனைவி. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிப்போய், 'இனி முடியாதப்பா' என்று வேலையை விட்டுவிட்டு, ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தவர். கை அப்படி ஒரு கை. கீழ்வீட்டுக் குழந்தைக்கு ஒரு புத்தகம் தைத்துக் கொடுத்தார். அந்தக் குழந்தை அதை விட்டுவிட்டுச் சாப்பிடவும் மாட்டேன் என்றது, தூங்கவும் மாட்டேன் என்றது.

"தைக்கறது நீ, விக்கறது நான். சைட்டை எங்கிட்ட விட்டுடு" என்றார் முதலாளி. அவர் மனைவியும் நம்பி விட்டுவிட்டார். வந்தது வினை.

முதலில் பெயர். பெற்ற பெண்ணுக்கு ஒரே சாயங்காலத்தில் பெயர் வைத்த மனிதர், சைட்டுக்குப் பெயர் தேடி வாரக்கணக்கில் வீட்டை வதைத்தார். எந்தப் பெயரை நினைத்தாலும் அதை எவனோ ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தான். ஒருவழியாக ஒன்று கிடைத்ததும், மனைவி அதை எல்லாப் புத்தகங்களின் பின்னட்டையிலும், கீழ்வீட்டுக் குழந்தையின் புத்தகத்திலும்கூட, தைத்துவிட்டார். பிறகு நிறம். அவர் போனில் இளந்தளிர்ப் பச்சையாகத் தெரிந்தது, மனைவியின் போனில் ஆஸ்பத்திரித் திரை மாதிரி இருந்தது. உடனே மனைவியின் போன் பழசு என்று தீர்ப்பாயிற்று. பிறகு 'எங்களைப் பற்றி' என்ற பக்கம். ஐயோ, அதைப் படித்திருக்கிறீர்களா? 'எங்கள் வடிவமைப்புக் குழு', 'எங்கள் உற்பத்திப் பிரிவு', 'எங்கள் விநியோக வலையமைப்பு' என்று நீண்டுகொண்டே போகும். வடிவமைப்புக் குழுவும் உற்பத்திப் பிரிவும் மனைவி. விநியோக வலையமைப்பு என்பது மனைவியின் தம்பி, அதாவது மச்சானின் ஸ்கூட்டர், அதுவும் ஸ்டார்ட் ஆகும் நாட்களில்.

பக்கத்தின் தலைப்பில் முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்த்து நிற்கும் போட்டோ. எதைப் பார்க்கிறார்? எதிர்காலத்தையாம். அவருடைய முழங்கைக்குக் கீழே, மூலையில், ஒரு தபால்தலை அளவுக்குத் துணிப் புத்தகம்.

"புக்கைக் கொஞ்சம் பெருசா போடக்கூடாதாங்க?"

"உனக்கு வியாபாரம் தெரியாது. ஜனங்க பொருளை வாங்கறதில்ல. நம்பிக்கையை வாங்கறாங்க."

"அப்ப நான் எதுக்கு ஜிப்பு தைக்கறேன்?"

"சரி, போன் நம்பராவது போடுங்க" என்று கேட்டுப் பார்த்தார் மனைவி. "பெரிய கம்பெனி எதுலயாவது போன் நம்பரைப் பாத்திருக்கியா? படிவத்தை நிரப்பச் சொல்லுவாங்க, அதுதான் கெத்து" என்று பதில் வந்தது. அத்தோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

கடை திறந்தாயிற்று. இனி விளம்பரம். பள்ளித் தோழர்கள் குழு, குடியிருப்போர் குழு, தண்ணீர் வராத நாளில் திட்டிக்கொள்வதற்கென்றே இருக்கும் குழு, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அனுப்பும் ஒவ்வொரு செய்திக்குக் கீழும் சைட்டின் முகவரியும் சலுகையும் தானாகவே ஒட்டிக்கொள்ளும்படி போனில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அதில் மகா பெருமை. குடும்பத்தில் ஒரு பெரியவர் காலமானபோது, குழுவில் முதலாளியும் மனமுருக நாலு வரி எழுதினார். அடுத்த நிமிஷம் அக்காவிடமிருந்து போன்.

"ஏன்டா, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? பெரியப்பா போன துக்கத்துக்குக் கீழ எதுக்குடா 'இன்று மட்டும் இருபது சதவீதம் தள்ளுபடி'?"

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். நம்மாள் அன்றைய வருகையாளர் கணக்கைப் பார்த்தார். கூடியிருந்தது.

அந்தக் கணக்குதான் அவருக்குக் காலை டிபன், மதியச் சாப்பாடு எல்லாமே. கடல் தாண்டி யாரோ ஒருவர் முதலைப் பக்கத்தை இரவு முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று ஒருநாள் தெரிந்தது. வெளிநாட்டுச் சந்தை திறந்துவிட்டது என்று முதலாளி தரையில் கால் பாவாமல் அலைந்தார். பிறகு விசாரித்தால், அங்கே வேலை பார்க்கும் சித்தப்பா பையன் போனைத் திறந்துவைத்தபடியே தூங்கிப்போயிருக்கிறான்.

"இன்னிக்கு ஏதாவது உண்டா?" என்று மனைவி கேட்பார்.

"இன்னிக்கு வந்தவங்க மட்டும்..."

"வந்தவங்களை விடுங்க. வாங்கினவங்க?"

முதலாளி போனைத் திருப்பி வைப்பார். வாங்கினவர் ஒருவரும் இல்லை. புத்தகங்கள் பீரோவின் மேல் ஏறின, கட்டிலின் கீழ் இறங்கின. அந்த நேரம் பார்த்து ஜவுளிக்கடை மேற்பார்வையாளர் அம்மா போன் செய்தார். "உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல. மாசக் கடைசிக்குள்ள வர்றேன்னு சொல்லிடும்மா, அதுக்கு மேல என்னால வச்சிருக்க முடியாது." மனைவி கணவரிடம் வந்து நின்றார். "அதுக்குள்ள நிஜமா ஒருத்தர் வாங்கணும். இல்லன்னா நான் கவுண்டருக்கே போறேன். அதை நினைச்சாலே கால் வலிக்குது எனக்கு." சொல்லும்போது குரல் உடைந்தது. முதலாளிக்கும் மனசு கலங்கியது, அதை இல்லை என்று சொல்லக்கூடாது. கலங்கிய மனிதர் என்ன செய்தார்? ஆர்டர் பட்டன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க உட்கார்ந்தார்.

இந்த இனத்தின் தலையாய சடங்கு இந்தச் சோதனை ஆர்டர்தான். "சும்மா ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. பொய்ப் பேர், பொய் விலாசம் எதுவானாலும் குடுங்க. நான் ரத்து பண்ணிக்கறேன்" என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். காசு கேட்காத காரியம் என்றதும் சொந்தபந்தமும் உற்சாகமாக இறங்கியது. மச்சான்தான் அதில் சூரர். 'மகாராணி, அரண்மனை, பின்வாசல்' என்று ஒரு நாள் போடுவார், 'சிங்கம், குகை எண் இரண்டு' என்று மறுநாள். போனில் மணி அடிக்கும், முதலாளியின் முகம் மலரும், 'சோதனை ஆர்டருக்கு நன்றி! எல்லாம் பிரமாதமாக வேலை செய்கிறது!' என்று பதில் போட்டுவிட்டு ரத்து செய்வார். பட்டன் வேலை செய்வது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. மணிச் சத்தம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மாசக் கடைசி வாரத்தில், ஆபீசில் மேலதிகாரி எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. மேஜைக்கு அடியில் பார்த்தார். ஒரு வகுப்புக்கே ஆகிற அளவுக்குப் புத்தகங்கள். வாங்குபவர், 'டீச்சரம்மா'. விலாசம், 'கரடிக்குட்டி மழலையர் பள்ளி, வாத்துக்குளம் சாலை'. முதலாளிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மச்சானின் கற்பனை மிருகக்காட்சிசாலையை விட்டு வெளியே வரவில்லை பாருங்கள்! 'சோதனை ஆர்டருக்கு நன்றி' சொல்லி ரத்து செய்தார்.

மறுநாள் அதே ஆர்டர் மறுபடி வந்தது. 'சபாஷ் மச்சான், ஒரே ஆர்டரை ரெண்டு தடவை போட்டாலும் வேலை செய்யுது' என்று எழுதி ரத்து செய்தார்.

அதற்கும் மறுநாள் மூன்றாவது தடவை. இந்தத் தடவை ஒரு குறிப்பும் இருந்தது: 'தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். குழந்தைகளுக்கு உண்மையாகவே வேண்டும்.' முதலாளி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். 'நடிப்பு அபாரம் மச்சான்! உங்க அக்காகிட்ட சொல்றேன். சாயங்காலம் சாப்பிட வந்துடுங்க' என்று பதில் போட்டார்.

அன்றுதான் மாசக் கடைசி. சாயங்காலம் மனைவி மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது, தற்செயலாக மச்சான் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க கரடிக்குட்டி!" என்று எழுந்து வரவேற்றார் முதலாளி.

"யாரு கரடி?"

"போதும் மச்சான். மூணு தடவை போட்டுட்டீங்க."

"நான் எங்க போட்டேன்? குகை எண் ரெண்டுக்கு அப்புறம் நான் உங்க சைட்டுப் பக்கமே வரலையே அத்தான்."

அந்த நேரத்தில் மணி அடித்தது. இது வேறு மாதிரி மணி. சைட்டில் யாரோ கருத்து எழுதியிருக்கிறார்கள். "முதல் கருத்து வந்தாச்சு!" என்று துள்ளினார் முதலாளி. மனைவி போனை வாங்கி உரக்கப் படித்தார்.

"ஒரு நட்சத்திரம். மூன்று முறை ஆர்டர் செய்தேன். மூன்று முறையும் ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு முறை என்னை மச்சான் என்று அழைத்தார்கள். இன்று சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அறுபது வயதாகிறது."

முதலாளி மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பீரோவின் மேல் அடுக்கியிருந்த முதலைகளைப் பார்த்தார்.

மனைவி திட்டவில்லை, அழவில்லை. ஆர்டரில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, துணிப் புத்தக விஷயம் என்று ஆரம்பித்தார்.

"அந்த மச்சான் கம்பெனியா பேசறீங்க?" என்றது எதிர்க்குரல்.

"அவங்க வேறங்க. நான் தைக்கறவ."

டீச்சர் கொஞ்சம் இறங்கிவந்தார். வகுப்பில் ஒரு குழந்தை, வேறு யார், கீழ்வீட்டுக் குழந்தைதான், அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்ததாம், அன்று முழுவதும் வகுப்பில் அழுகைச் சத்தமே இல்லையாம், பின்னட்டையில் தைத்திருந்த பெயரை வைத்து சைட்டைக் கண்டுபிடித்தாராம். "ஆனா இப்ப வேற கடையில சொல்லிட்டேனே. நாளைக்குக் காலையில அவங்க ஆள் வர்றார்."

"அவருக்கு முன்னாடி நான் வரேங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, போதும்" என்றார் மனைவி. பிறகு மேற்பார்வையாளர் அம்மாவிடம் கெஞ்சி ஒரு நாள் தவணை வாங்கினார். கடைசியாகக் கணவர் பக்கம் திரும்பினார். "பையைத் தூக்கிட்டு வாங்க. வாயைத் திறக்கக் கூடாது."

வாத்துக்குளம் சாலை என்று நிஜமாகவே ஒரு சாலை இருந்தது. கரடிக்குட்டியும் பள்ளிக்கூட வாசலில் பெயர்ப்பலகையில் சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளி பையோடு சுவரோரம் நின்றார். மனைவி பாயில் உட்கார்ந்து புத்தகங்களைப் பரப்ப, ஒரு பொடிசு துணிச் சட்டையின் பொத்தானோடு மல்லுக்கட்டியது. நாக்கைத் துருத்தியது, மூச்சை அடக்கியது, விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. பொத்தான் ஓட்டைக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்து, "போட்டுட்டேன்!" என்றது. இத்தனை நாளாக விற்கிறேன் விற்கிறேன் என்று அலைந்தோமே, விற்பது இன்னதென்று இப்போதுதானே பார்க்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுகணமே கை சட்டைப்பைக்குள் போனைத் தேடிப் போனது. மனைவி ஒரு பார்வை பார்த்தார். கை வெறுமனே திரும்பி வந்தது.

டீச்சர் அந்த இன்னொரு கடைக்கு வர வேண்டாம் என்று போன் செய்தார். பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துக் கேட்டார். மனைவி பள்ளிக்கூட வாசலிலேயே நின்று ஜவுளிக்கடை மேற்பார்வையாளர் அம்மாவின் எண்ணை அழுத்தினார். "நான் வரலம்மா. வேற ஆளைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதார்.

மனிதர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? திருந்தினார், மதியம்வரை. மாலையில் பார்த்தால் சைட்டில் 'எங்கள் கல்வித் துறை' என்று ஒரு புதிய பக்கம் முளைத்திருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குத்தான் சைட்டும் இல்லை, கடையும் இல்லையே என்கிறீர்கள். சரி. நேற்று உங்கள் பெண் "அப்பா, இங்க ஒரு நிமிஷம் வாயேன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டாளே, நீங்கள் போனில் எதையோ பார்த்துக்கொண்டு, "வெரி குட்ம்மா" என்று நிமிராமலே சொன்னீர்களே. அவள் எதற்குக் கூப்பிட்டாள்? தெரியாது, இல்லையா? மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் போய்க் கேளுங்கள்.