எலியண்ணை வாசலில் இருந்த நாலு நாள்

வன்னி முழுக்க எலியைக் கண்டால் தடி தேடுகிறவர்கள்தான். எலிக்குப் பிள்ளைப்பேறு பார்த்த ஒரே மனிதர், நான் அறிந்தவரை, எலியண்ணைதான். கிளிநொச்சிப் பக்கத்தில் நான் கிளாக்கராக இருந்த நெல்லுக் களஞ்சியத்துக்கு அவர் காவல்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் களஞ்சியத்தில் எலித் தொல்லை தலைக்கு மேலே போய்விட்டது. எலியண்ணை காட்டுக்குள் போய் ஒரு வெங்கிணாந்தியைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தார். பன்னிரண்டு அடி மலைப்பாம்பு. நெல் மூட்டைகளுக்கு நடுவில் அவிழ்த்துவிட்டார். மூன்றே மாதத்தில் மருந்துக்கும் ஒரு எலி இல்லை. பிறகுதான் வினை தொடங்கியது. பசித்த பாம்பு கூரை வளையிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு, மூட்டை தூக்குகிறவர்களை ஒவ்வொருவராக, ஆறுதலாகப் பார்க்கத் தொடங்கியது. அவர்களில் குள்ளமானவர் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

ஆகவே பாம்புக்குத் தீன் போடுவதற்காக எலியண்ணை பின்பக்கத்து அறையில் எலி வளர்க்கத் தொடங்கினார்.

"எலி வரக்கூடாதெண்டு பாம்பு. பாம்பு போகக்கூடாதெண்டு எலி. அப்பிடித்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் தம்பிக்கு விளங்குது," என்றார், சிரிக்காமலே.

அந்த அறைக்குள் நடுப்பகலிலும் இருட்டு. ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தார். சுவரோரம் தேயிலைப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு தாய். உமியும் மூத்திரமும் கலந்த சூடான வாடை முகத்தில் அடிக்கும். ஒன்றும் அசையாது. ஆனால் பெட்டி ஓட்டைகள் எல்லாவற்றிலும் கண்கள் இருக்கும். கொஞ்சம் பொறுத்தால், சுவரே அழுவதுபோல ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும். கண் திறக்காத குஞ்சுகள். எலியண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பழைய உமியில் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

தாய்மாருக்கு அவர்களைப் பிடித்துவந்த ஊரே பெயர். கொக்கிளாய்க்காரி, பூவரசங்குளத்தாள், ஸ்கந்தபுரத்தாள். தாயைப் பாம்புக்குக் கொடுக்கவே மாட்டார். பால் மறந்து வளர்ந்த பிள்ளைகள்தான் போகும். ஒருத்தி சினைப்பட்டால் ஆணைப் பிரித்துவிடுவார். பெற்றபின் நாலு நாள் பெட்டியைத் தொடமாட்டார், சிரட்டையில் தண்ணீர் மட்டும் குறையாது. ஒருத்தி பதினாலு போட்டுவிட்டால், அந்த நாலு நாள் கழிந்தபின் நாலை எடுத்து, குறையப் பெற்றவளின் கூட்டு உமியில் உருட்டி அவளிடம் வைப்பார். வாசம் சரியாக இருந்தால் தன் பிள்ளை என்றே எடுத்துக்கொள்வாள்.

"வாசம் பிழைச்சால்?"

"தின்னும்."

"தண்ணி இல்லாட்டி?"

"தின்னும்."

"கனபேர் வந்து எட்டிப் பாத்தால்?"

"தம்பி, வெளியிலை வாரும்."

வெளியே வருமுன் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஸ்கந்தபுரத்தாள் ஒரு குஞ்சை மூக்கால் மூலைக்குத் தள்ளிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அந்த மூலை வெறுமையாக இருந்தது.

அந்த வருடம்தான் என் மனைவி பவளத்துக்குப் பிள்ளை பிறந்தது. முதற்பிள்ளையைப் பிறந்த அன்றே பறிகொடுத்திருந்தோம். இது இரண்டாவது, பெண். பவளத்தின் பெரியம்மா தலைமையில் யாழ்ப்பாணத்திலிருந்து பதினொரு பேர் ரயிலில் வந்து இறங்கினார்கள். பிள்ளை கைக்குக் கை மாறியது. ஆளுக்கொரு பவுடர் பூசினார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று பெரியம்மா பவளத்துக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. பாலும் சுரக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பவளம் பிள்ளையை முழங்கையால் மெல்லப் பாயின் ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ரை பிள்ளை இல்லை. ஆரோ மாத்திப்போட்டினம்," என்றாள். குரலில் கோபமே இல்லை.

பெரியம்மா பேயோட்ட ஆள் தேடினார். நான் களஞ்சியத்துக்கு ஓடினேன்.

"வீட்டிலை எத்தினை பேர் நிக்கினம்?" என்று எலியண்ணை கேட்டார்.

"பதினொரு பேர்."

"தண்ணி?"

"குடுக்கேல்லை."

எலி அறையைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு, நாலு சாக்கோடு என் பின்னால் வந்தார்.

"எலிக்குச் செய்யிறதை என்ரை பெறாமகளுக்குச் செய்ய வந்தனியோ?" என்று பெரியம்மா வாசலில் மறித்தார்.

"ஓமம்மா. நான் செய்தால் எலி பிழைக்குது," என்றார் எலியண்ணை. சொல்லிக்கொண்டே மடிக்குள்ளிருந்து ஒரு இளம் எலியை எடுத்துத் தோளில் விட்டார். பத்துப் பேர் அடுத்த ரயிலைப் பிடித்தார்கள். பெரியம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளை பெற்ற துடக்கு வீடு, தீட்டு என்று எலியண்ணை உள்ளே வரவில்லை. வெளியில் நின்றே ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார். பவளத்தின் தலைமாட்டில் செம்பு நிறையத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

"அவா உடுத்துக் கழட்டின சீலை, தோய்க்காதது, இருக்கோ? பவுடரைத் துடைச்சுப்போட்டுப் பிள்ளையை அதிலை சுத்தும். அவாவுக்குப் பக்கத்திலை வையும். கையிலை குடுக்காதையும். வைச்சிட்டு வந்திடும்."

வைத்துவிட்டு வந்தேன். அவர் வாசலில் கதிரையைப் போட்டு, தடியோடு குந்தியிருந்தார். உள்ளே பிள்ளை அழுதது. அழுதுகொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

எனக்கு ஸ்கந்தபுரத்தாளின் வெறும் மூலை கண்ணுக்குள் வந்தது. எழுந்தேன். எலியண்ணை என் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"சத்தம் இல்லை அண்ணை!"

"சத்தம் இல்லாததுக்கு ரண்டு காரணம் இருக்கு தம்பி. நீர் போய் எட்டிப் பாத்தால் கெட்ட காரணம் வந்திடும்."

இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மெல்ல, மிக மெல்ல, சப்பும் சத்தம் கேட்டது. இடையிடையே ஒரு மிடறு. எலியண்ணை காதைச் சுவரில் வைத்தார்.

"குடிக்குது," என்றார். நான் விக்கி விக்கி அழுதேன்.

நாலு நாள் அவர் அந்தக் கதிரையைவிட்டு நகரவில்லை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். கடைசி நாள் பெரியம்மாவே, "தம்பி, இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று கேட்டார்.

ஒரு கிழமை கழித்து எலி அறைக்குப் போனேன். புது உமி போட்டிருந்தார். தாய்மார் எல்லாரும் இருந்தார்கள். கண்கள் என்னைப் பார்த்தன. கீச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"குஞ்சுகள் எங்கை அண்ணை?"

"நாலு நாள் தண்ணியில்லை. அதுகளிலை பிழையில்லை தம்பி."

"பாம்பு?"

"தீன் இல்லையெண்டு காட்டுக்கே போட்டுது."

திறப்பு அவர் மடியில் இருந்தது. வேறு ஆள் உள்ளே போனால் தாய்மார் வெருளுவார்கள் என்று அதை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை.

"ஒருக்கா எழும்பி வந்து தண்ணி வைச்சிருக்கலாமே!" என்றேன்.

"நான் எழும்பியிருந்தால் அந்தப் பெரியம்மா உள்ளுக்குப் போயிருப்பா," என்றார்.

எலியண்ணை போய்ச் சேர்ந்து கனகாலம். அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று பிள்ளைகள், மூன்றும் எங்கள் வீட்டில்தான் பிறந்தன. ஒவ்வொரு முறையும் பவளம் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு வைத்தாள், வாசலில் ஒரு கதிரை போட்டாள். நான் கால் வலியென்று அதில் இருக்கப் போனாலும் விடவில்லை.

"எழும்புங்கோ. அது எலியண்ணைக்கு."